பாறைமேல் ஒன்பது ஜோடி

அந்தக் கட்டடத்துக்கு ஏழு மாடி, ஒரே ஒரு லிஃப்ட். அந்த லிஃப்ட்டுக்கு இருபத்திரண்டு வருஷமாக ஒரே ஆள். சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் இருக்கத்தான் செய்கிறது. மற்றபடி எல்லாருக்கும் அவர் லிஃப்ட்டண்ணன்.

பழைய காலத்து லிஃப்ட் அது. மடங்கி விரியும் இரும்புக் கதவு, தேய்ந்து மின்னும் பித்தளைக் கைப்பிடி, காற்றைவிடச் சத்தம் அதிகம் தரும் சின்ன ஃபேன், மூலையில் ஒரு முக்காலி. கதவுக்கு மேலே ஒரு தகரப் பலகை: 'எட்டுப் பேர் மட்டும், ஆபரேட்டர் நீங்கலாக.'

முக்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு யார் முகமும் தெரியாது. ஏறுகிறவர்கள் ஏறிய கையோடு கதவைப் பார்த்துத் திரும்பிவிடுவார்கள். அவருக்கு மிஞ்சுவது முதுகும் பையும் கால்களும்தான். அதனால் அவர் கால்களை எண்ணப் பழகிக்கொண்டார். பதினாறு ஷூ சேர்ந்ததும் கதவை இழுப்பார். பதினேழாவது ஷூ உள்ளே வந்தால், தலையைத் தூக்காமலே, "அடுத்த தடவை வாங்க சார்" என்பார். ஆளையும் அவர் காலை வைத்துத்தான் அடையாளம் சொல்வார். நாலாம் மாடி வக்கீல் ஒருநாள் புது ஷூ போட்டுக்கொண்டு வர, "சார் எந்த மாடிக்குப் போகணும்?" என்று கேட்டுவிட்டார். பதினாலு வருஷமாகத் தினமும் ஏறி இறங்குகிற மனிதர். அவர் ஒரு வாரம் படியேறியே போனார்.

இன்னொரு விஷயத்திலும் அவருக்குப் பேர் உண்டு. யாராவது நடைபாதையின் கோடியிலிருந்து ஓடி வந்தாலும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க மாட்டார். "லிஃப்ட் யாருக்காகவும் நிக்காது" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வாசகம். மேலே காத்திருப்பவர்களுக்கும் நேரம் இருக்கிறதல்லவா என்பார். அவர் சொல்வதில் நியாயம் இருந்தது. அதனால்தான் அவர்மேல் எல்லாருக்கும் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது.

ஆறு நாள் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தவருக்கு ஏழாவது நாள் பக்கவாட்டில் போக வேண்டும்போல் இருந்தது. அப்படித்தான் அந்த நடை தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலை முதல் ரயிலில் ஏதாவது ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்குவார். காட்டு வழியாகவோ ஆற்றங்கரையாகவோ பகல் முழுக்க நடந்து, அடுத்த ஸ்டேஷனுக்கோ அதற்கும் அடுத்ததற்கோ போய்ச் சேர்ந்து, சாயங்கால ரயிலில் திரும்புவார். முதலில் தனியாகப் போனார். பிறகு தபால்காரர் சேர்ந்துகொண்டார், அதற்குப் பிறகு மருந்துக்கடைக்காரர், தையல்காரம்மா, டிராயிங் மாஸ்டர், முடிவெட்டுபவர் என்று ஆள் கூடிப்போனது. இன்னும் பலர் கேட்டார்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. எட்டுப் பேர் மட்டும், ஆபரேட்டர் நீங்கலாக. பதினோரு வருஷமாக அந்தக் கணக்கு மாறவில்லை.

நடையில் அவருக்குச் சில சட்டங்கள் இருந்தன. முன்னால் போகிறவர் 'தலை'. அது எப்போதும் அவர்தான். கடைசியில் வருகிறவர் 'வால்'. வாலிடம் ஒரு சிவப்புத் துணியும் ஒரு விசிலும் இருக்கும். தலை அரைமணிக்கு ஒருமுறை விசிலடித்தால் வால் பதில் விசில் கொடுக்க வேண்டும். உட்கார்ந்து எழுந்த இடத்தில் யாராவது எதையாவது விட்டுவிட்டார்களா என்று பார்த்துவிட்டு வால் கடைசியாகக் கிளம்ப வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று திரும்பிப் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். "போற வழி எனக்குத் தெரிஞ்சாப் போதும். வந்த வழி வாலுக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்பார். வழி தவறினால் சிவப்புத் துணியை உயரத்தில் கட்டிவிட்டு அங்கேயே இருக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் ரயில் பாலத்தில் நடக்கக் கூடாது.

பதினோரு வருஷமாகத் தபால்காரர்தான் வால். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவர் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டார்.

சேதி வந்தபோது லிஃப்ட்டண்ணன் சாப்பாட்டு மேஜைமேல் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். அவர் மனைவி சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை. நாள் முழுக்க நின்றபடி, ஆவி பறக்க, படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட வேண்டும்.

"வாலுக்கு ஆள் இல்லையே. இப்ப யாரைப் போய்ப் பிடிக்கிறது?" என்றார் இவர், வரைபடத்தைப் பார்த்து.

"நான் வர்றேன்."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "எங்கே?"

"நாளைக்குத்தான். வாலுக்கு ஆள் வேணும்னீங்களே."

"உன்னால முடியாதும்மா. பதினேழு கிலோமீட்டர். உன் ஒருத்தியால எல்லாருக்கும் லேட்டாகும். சாயங்கால ரயிலை விட்டா வேற வண்டி கிடையாது."

பாத்திரச் சத்தம் நின்றது. "ஒரு நாளைக்குப் பத்து மணிநேரம் நிக்கிற காலுங்க இது. பதினேழு கிலோமீட்டர் நடக்காதா? ஆறு நாளும் ஊரார் காலை எண்ணுறீங்க. ஏழாவது நாளாவது வீட்டுக் காலை எண்ணுவீங்கன்னு பாத்தா, அன்னிக்கும் ஊரார் காலுதான். பதினோரு வருஷத்துல ஒரு தடவையாவது 'நீயும் வாயேன்'னு கேட்டிருக்கீங்களா?"

"நீதான் வரமாட்டியேன்னு..."

"கேட்டாத்தானே வரமாட்டேன்னு சொல்ல முடியும்?"

மனைவி கைத்துணியை உதறிப் போட்டார். உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை இழுத்து வந்து மேஜைமேல், வரைபடத்தின் மேலேயே வைத்தார். உள்ளே ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ, நீல நிறத்தில், வெள்ளை அடிப்பாகத்தோடு. புதுசு. ஆனால் பெட்டிமேல் தூசி படிந்திருந்தது. எத்தனை மாதமாக அது கட்டிலுக்கடியில் கிடந்ததோ, லிஃப்ட்டண்ணனுக்குத் தெரியாது.

பெட்டியை ஓரமாக நகர்த்தி, வரைபடத்தை மடித்தார்.

மறுநாள் ரயிலில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். மனைவி நாலு இருக்கை தள்ளித் தையல்காரம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அங்கே சிரிப்பும் பேச்சுமாக இருந்தது. இங்கே வரைபடம்தான் துணை.

காலை ஸ்டேஷனில் இறங்கியதும் சிவப்புத் துணியையும் விசிலையும் நீட்டினார். கூடவே தன் சட்டங்களையும் ஒப்பித்தார். மனைவி வாங்கிக்கொண்டு, "சரிங்க சார்" என்றார்.

முடிவெட்டுபவர் 'க்ளுக்' என்று சிரித்து, இருமி மறைத்தார்.

அன்றைய வழி இப்படி. காலை ஸ்டேஷனிலிருந்து காட்டுக்குள் ஒன்பது கிலோமீட்டர் சுற்றி ஆற்றுக்கு வர வேண்டும். ஆற்றில் நடைகற்கள் போட்டிருக்கும். அதில் கால் வைத்துத் தாண்டி, அக்கரையில் எட்டுக் கிலோமீட்டர் நடந்தால் சாயங்கால ஸ்டேஷன். அங்கே ஐந்து ஐம்பதுக்கு ரயில். அந்த ரயில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, காலை ஸ்டேஷனில் ஆறு பத்துக்கு இரண்டு நிமிஷம் நின்று, பிறகு ஊருக்குப் போகும்.

காட்டில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அரைமணிக்கு ஒருமுறை அவர் விசிலடித்தார். பின்னாலிருந்து டக்கென்று பதில் வந்தது, சரியான நேரத்துக்கு, ஒரு நொடி பிசகாமல். அந்த ஒழுங்கே அவரைக் குத்தியது. யாரும் லேட்டாக்கவில்லை. சொல்லப்போனால் டிராயிங் மாஸ்டர்தான் பூ, பூச்சி என்று நின்று நின்று வந்தார்.

ஆற்றங்கரை மரத்தடியில் சாப்பாடு. ரொட்டி, அவித்த முட்டை, பெரிய ஃபிளாஸ்க்கில் டீ. மலைப்பக்கம் வானம் கருத்துக் கிடந்தது. இங்கே தூறல்கூட இல்லை. இருந்தாலும் லிஃப்ட்டண்ணன் எழுந்துபோய் நடைகற்களைப் பார்த்துவிட்டு வந்தார். பதினாலு கல். எல்லாமே தண்ணீருக்கு ஒரு சாண் மேலே இருந்தன. ஆனால் தண்ணீர் கலங்கலாக வந்துகொண்டிருந்தது.

"சீக்கிரம் தாண்டிடலாம். ஷூவைக் கழட்டிக் கையில எடுத்துக்குங்க. கல்லு வழுக்கும்" என்றார்.

அவர் முதலில் தாண்டினார். அக்கரையில் நடைபாதை எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கக் கொஞ்ச தூரம் மேலேறினார். போன மழையில் பழைய பாதை சரிந்து போயிருந்தது. புதுத் தடம் இருக்கிறதா என்று புதர்களை விலக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது, கரையில் அகலமான பாறைமேல் எல்லாரும் ஷூக்களை வரிசையாக வைத்துவிட்டு, சிதறி உட்கார்ந்து கால் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் தன் வழக்கப்படி எண்ணினார். தையல்காரம்மாவின் பழுப்பு. மருந்துக்கடைக்காரரின் கிழிந்த சாம்பல். நர்ஸ் அக்கா தங்கையின் வெள்ளை இரண்டு ஜோடி. மாஸ்டர், முடிவெட்டுபவர், அவருடைய மச்சான். கையில் தன்னுடைய கறுப்பு பூட்ஸ். வரிசையின் கோடியில் நீலம்.

நீலத்தைப் பார்த்ததும் மனசு லேசானது. அவளும் வந்துவிட்டாள். தலையைத் தூக்கினால் எங்கேயாவது அவள் கண்ணில் மாட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். அதனால் தூக்கவில்லை.

"ஒன்பது. சரியா இருக்கு. கிளம்பலாம்" என்று சொல்லிவிட்டு, பூட்ஸை மாட்டிக்கொண்டு தடத்தில் ஏறினார்.

அரைமணி கழித்து விசிலடித்தார். பதில் இல்லை.

நின்று கேட்டார். இலைச் சத்தம், தூரத்தில் ஆற்றின் இரைச்சல், பின்னால் வருகிறவர்களின் பேச்சு. இன்னொரு முறை அடித்தார். ஒன்றுமில்லை.

அவருக்குச் சுருக்கென்றது. பயத்தால் அல்ல, கோபத்தால். வீட்டிலும் இப்படித்தான். மனசு சரியில்லை என்றால் பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் பதில் வராது. சமையலறையிலிருந்து கரண்டிச் சத்தம் மட்டும் வரும். அதையே இங்கேயும் கொண்டுவந்துவிட்டாளா? எட்டுப் பேர் உயிர் சம்பந்தப்பட்ட விசில் இது. இதில் போயா பிடிவாதம்?

'இருக்கட்டும். ஸ்டேஷன்ல பேசிக்கறேன்' என்று நடையைக் கூட்டினார்.

அதற்கடுத்த அரைமணி அவர் விசிலடிக்கவே இல்லை. பதினோரு வருஷத்தில் முதல்முறை.

மூன்று மணிக்குத் தண்ணீர் குடிக்க நின்றார்கள். மருந்துக்கடைக்காரர் வந்த வழியை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அண்ணியை இன்னும் காணோமே."

"வால்தானே. வருவா."

"இல்லண்ணே. ஷூவை மாட்டிக்கிட்டு வர எவ்வளவு நேரமாயிருக்கும்னு..."

"எந்த ஷூ?"

"அவங்க ஷூதான். கையில ஃபிளாஸ்க் இருக்கு, இதை மட்டும் கொண்டுபோய் வைங்கன்னு என்கிட்ட குடுத்தாங்க. பாறைமேல வெச்சுட்டு வந்தேன்."

லிஃப்ட்டண்ணனின் கையில் இருந்த பாட்டில் சாய்ந்தது. தண்ணீர் அவர் பூட்ஸ்மேல் கொட்டியது.

"அப்ப அவ எங்க இருந்தா?"

"அந்தக் கரையிலதான். மரத்தடியில யாராவது எதையாவது விட்டுட்டாங்களான்னு பாத்துட்டு வர்றேன், நீங்க போங்க, நான்தான் வால், கடைசியாத்தான் வரணும்னாங்க. அப்புறம் நீங்க ஒன்பதுன்னு சொன்னீங்க. நீங்க சொன்னா அதுல என்னண்ணே சந்தேகம்? அவங்க பின்னாடி வந்துட்டாங்கன்னு நினைச்சேன்."

வாலுக்குப் பின்னால் ஆள் கிடையாது. வால் வராவிட்டால், வரவில்லை என்று பார்த்துச் சொல்ல ஒருவரும் இல்லை. பதினோரு வருஷத்தில் இது ஒருமுறைகூட அவருக்குத் தோன்றியதில்லை.

"போன் போட்டுப் பாருங்களேன்" என்றார் தையல்காரம்மா.

"அவ போன் என் பையில இருக்கு" என்றார் அவர். சொன்ன குரல் அவருக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "இங்க சிக்னலும் கிடையாது. நீங்க எல்லாரும் நேரா ஸ்டேஷனுக்குப் போங்க. தடம் தெளிவா இருக்கு, கிளை பிரியாது. அஞ்சு அம்பதுக்கு நான் வந்தாலும் வராட்டியும் ஏறிடுங்க."

"அதெப்படிண்ணே..."

"ஏறிடுங்கன்னா ஏறிடுங்க!"

மூன்று கிலோமீட்டர். ஐம்பத்துமூன்று வயசு. நாளெல்லாம் முக்காலியில் உட்கார்ந்த உடம்பு. அவர் ஓடினார். வேர் தட்டி இரண்டு முறை விழுந்தார். ஆற்றின் சத்தம் நெருங்கியது. மதியம் கேட்ட சலசலப்பு இல்லை அது. லாரிகள் வரிசையாகப் போவதுபோல் ஒரே உறுமல்.

அவளுக்கு நீச்சல் தெரியாது. வெறுங்கால். பிடிவாதக்காரி. உன்னால் முடியாது என்று சொன்னவன் முகத்தில் அடிப்பதுபோல் தாண்டிக் காட்டுகிறேன் என்று ஒரு அடி வைத்திருந்தால்?

கரைக்கு வந்தபோது மணி மூன்றரை. நடைகற்கள் ஒன்றுகூட இல்லை. பழுப்புத் தண்ணீர் குமிழியிட்டு, குச்சியும் சருகும் சுழற்றிக்கொண்டு போனது. அகலப் பாறையின் விளிம்புவரை தண்ணீர் வந்திருந்தது. பாறைமேல் நீல ஷூ இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி, அழகாக, அவரைப் பார்த்தபடி இருந்தன.

எதிர்க்கரையில் ஆள் இல்லை.

விசிலை வாயில் வைத்தார். காற்று வரவில்லை. மறுபடி வைத்து ஊதினார். ஆற்றின் உறுமலில் அது அவர் காதுக்கே பாதிதான் கேட்டது. பதிலுக்கு ஒன்றுமில்லை. இப்போது அதைக் கோபம் என்று நினைத்துக்கொள்ள அவர் எவ்வளவோ ஆசைப்பட்டார். முடியவில்லை.

கீழே ஆற்றைப் பார்த்தார். வளைவுக்கு அப்பால் ரயில் பாலத்தின் இரும்பு தெரிந்தது. அதில் ஏதாவது உருவம் அசைகிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்தார். இல்லை. மறுபடி எதிர்க்கரை. மரத்தடி. மரத்துக்கு மேலே...

சிவப்பு.

ஆள் எட்டும் உயரத்துக்கும் மேலே ஒரு கிளையில் சிவப்புத் துணி இறுக்கிக் கட்டியிருந்தது. காற்றில் படபடத்தது. அதைக் கட்ட அவள் மரத்தில் ஏறியிருக்க வேண்டும். அவர் சட்டையைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றினார், கத்தினார், விசிலை ஊது ஊதென்று ஊதினார்.

மரத்துக்குப் பின்னால் மேட்டுப் பாறையிலிருந்து அவர் மனைவி எழுந்து வந்தார். கையில் ஃபிளாஸ்க்.

லிஃப்ட்டண்ணன் அப்படியே பாறைமேல் உட்கார்ந்துவிட்டார்.

அவரைப் பார்த்ததும் மனைவி தண்ணீர்ப் பக்கம் இரண்டடி வைத்தார். இவர் துள்ளி எழுந்து இரண்டு கைகளையும் விரித்து, "வேண்டாம்! வேண்டாம்!" என்று அலறினார். அவர் நின்றார். இடையில் நாற்பதடி தண்ணீர். வாயசைவு தெரிந்தது, வார்த்தை வரவில்லை.

இப்போது என்ன செய்வது? இவர் யோசித்து முடிப்பதற்குள் அங்கே அவர் யோசித்து முடித்திருந்தார். வந்த வழியைக் காட்டினார், காட்டுக்குள் போகும் வழியை. தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். பிறகு இவரைக் காட்டி, இவருக்குப் பின்னால் இருந்த தடத்தைக் காட்டினார். கடைசியாக ஒரு கையால் கற்பனைச் சங்கிலியை இழுத்து, கன்னத்தை உப்பி, ரயில் கூவுவதுபோல் வாயைக் குவித்தார்.

இவருக்குப் புரிந்தது. ஒரே ரயில். இவர் சாயங்கால ஸ்டேஷனில் ஏற வேண்டும். அதே வண்டி இருபது நிமிஷத்தில் காலை ஸ்டேஷனுக்கு வரும். அவள் வந்த வழியே திரும்பி நடந்து அங்கே ஏறிக்கொள்வாள். ஒன்பது கிலோமீட்டர் காடு, தனியாக, இரண்டே கால் மணிக்குள். வழி தெரியுமா? இவர் காற்றில் கையால் வளைத்து வளைத்துக் காட்டிக் கேட்டார். அவர் தலையைத் திருப்பித் தோளுக்கு மேலாகப் பின்னால் பார்த்துக் காட்டினார். ஒவ்வொரு திருப்பத்திலும் திரும்பிப் பார்த்தேன் என்று அர்த்தம்.

பிறகு ஒரு காலைத் தூக்கி, பாதத்தைச் சுட்டிக்காட்டினார்.

ஷூ.

இவர் முதல் ஷூவுக்குள் ஒரு கூழாங்கல்லைத் திணித்து, நாடாவை இறுக்கி, முழு பலத்தோடு வீசினார். அது சுழன்று போய் அவர் மனைவியின் காலடியில் விழுந்தது. இரண்டாவதையும் அப்படியே வீசினார். ஓடி வந்த களைப்பில் வீச்சுக்கு வேகம் போதவில்லை. ஷூ பாதியிலேயே தாழ்ந்தது. எதிர்க்கரைக்கு ஒரு கை தூரத்தில் தண்ணீரில் விழுந்தது. மனைவி குனிந்து எட்டிப் பிடிக்கப் பார்க்க, இவர் இந்தப் பக்கம் மறுபடி அலறினார். நீல ஷூ ஒருமுறை வெள்ளை அடியைக் காட்டிவிட்டு வளைவில் போய் மறைந்தது.

இடது கால் ஷூ போய்விட்டது. இவர் கீழே உட்கார்ந்து தன் இடது பூட்ஸைக் கழற்றினார். நல்ல கனம். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு வீசினார். பூட்ஸ் மனைவியின் தலைக்கு மேலே பறந்து, பின்னால் இருந்த மரத்தில் 'தொம்' என்று மோதி விழுந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார். எடுத்து மாட்டிக்கொண்டு, தொளதொளத்த இடத்தில் தன் கைக்குட்டையைச் சுருட்டித் திணித்தார். மரத்தில் ஏறிச் சிவப்புத் துணியை அவிழ்த்து ஃபிளாஸ்க்கில் கட்டிக்கொண்டார். கை அசைக்கவில்லை. விடுவிடுவென்று காட்டுக்குள் போய்விட்டார்.

மணி மூன்று ஐம்பது.

அந்த எட்டுக் கிலோமீட்டரை ஒரு பூட்ஸோடும் ஒரு சாக்ஸோடும் அவர் எப்படி நடந்தார் என்பது அவருக்கே சரியாக நினைவில்லை. சாக்ஸ் ஒரு கிலோமீட்டரிலேயே கிழிந்தது. முள் தைத்தது, பிடுங்கினார், நடந்தார். அவள் இப்போது எந்தத் திருப்பத்தில் இருப்பாள் என்பதே மனசில் ஓடிக்கொண்டிருந்தது. காய்ந்த ஓடை இருந்ததே, அங்கே பாதை இரண்டாகப் பிரியுமே, திரும்பிப் பார்த்திருப்பாளா? இவர் அந்த இடத்தில் திரும்பிப் பார்த்ததில்லை. இவருக்கே தெரியாது.

சாயங்கால ஸ்டேஷனில் ரயில் நின்றுகொண்டிருந்தது. முடிவெட்டுபவர் ஒரு காலைப் படியிலும் ஒரு காலைப் பிளாட்பாரத்திலும் வைத்து, கார்டிடம் ஏதோ மருத்துவக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தார். தையல்காரம்மா டிக்கெட் ஜன்னலில் நின்று, அங்கிருந்தவரைக் கொண்டு காலை ஸ்டேஷனுக்குப் போன் போட வைத்திருந்தார்.

"பிளாட்பாரத்துல யாரும் இல்லையாம்" என்றார் ஜன்னலுக்குள் இருந்தவர், ரிசீவரைக் கையால் பொத்தி. "ஒரு ஈ காக்காய்கூட இல்லையாம்."

ரயில் கிளம்பியது. பாலத்தின்மேல் போகும்போது லிஃப்ட்டண்ணன் வாசலில் நின்று கீழே பார்த்தார். தண்ணீர் இன்னும் ஏறியிருந்தது. மருந்துக்கடைக்காரர் அவர் பின்னால் நின்று, அவர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆறு பத்து. காலை ஸ்டேஷன். வண்டி முழுசாக நிற்பதற்குள் அவர் இறங்கிவிட்டார்.

பிளாட்பாரம் காலியாகக் கிடந்தது. ஒரு பெஞ்சு, ஒரு தண்ணீர்க் குழாய், மூடிய கடை. காட்டுப் பாதை வந்து முடியும் வேலி இடைவெளியில் யாரும் இல்லை. ஒரு நிமிஷம் போயிற்று. அவர் விசிலடித்தார். பதில் இல்லை.

கார்டு பச்சைக்கொடியோடு எட்டிப் பார்த்தார். "ஏறுங்க சார், டைம் ஆச்சு."

"என் சம்சாரம் வரணும்."

"வண்டி யாருக்காகவும் நிக்காது சார்."

இருபத்திரண்டு வருஷமாக அவர் சொன்ன அதே வாசகம்.

"நீங்க போங்க. நான் ஏறல" என்றார்.

"அண்ணே!" என்று உள்ளேயிருந்து நாலைந்து குரல்கள். "ஏறுங்கண்ணே, அடுத்த வண்டி காலையிலதான்!" அவர் ரயிலுக்கு முதுகைக் காட்டி, வேலியைப் பார்த்து நொண்டி நொண்டி நடக்கத் தொடங்கினார். கார்டு வாயில் விசிலை வைத்தார்.

விசில் கேட்டது. ஆனால் பின்னாலிருந்து அல்ல, முன்னாலிருந்து. வேலிக்கு அந்தப் பக்கம், மரங்களுக்குள்ளிருந்து, ஒரு குட்டை விசில். பதில் விசில்.

முதலில் ஃபிளாஸ்க்கில் கட்டிய சிவப்புதான் தெரிந்தது. பிறகு ஒரு கால் நீலமும் ஒரு கால் கறுப்புமாக, தடக் தொப், தடக் தொப் என்று மனைவி ஓடி வந்தார். கார்டு விசிலை வாயிலிருந்து எடுத்தார். தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் எடுத்தார். அந்த அரை நிமிஷம் வண்டி நின்றது.

லிஃப்ட்டண்ணன் மனைவியின் கையைப் பிடித்து இழுத்து வந்து, முதலில் ஏறச் சொன்னார்.

"நீங்க ஏறுங்க" என்றார் மனைவி, மூச்சு வாங்க. "வால் கடைசியாத்தான் ஏறணும்."

ஏறினார்கள். தையல்காரம்மா மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதார். முடிவெட்டுபவர், "அண்ணி, இந்த ஜோடி எந்தக் கடையில வாங்கினது?" என்று காலைக் காட்டிக் கேட்க, எல்லாரும் அளவுக்கு மீறிச் சிரித்தார்கள். மனைவி உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக் கணவர் பக்கம் தள்ளினார். "உள்ள ஒரு கல்லு இருக்கு. ஓடையிலேர்ந்து குத்திக்கிட்டே வருது. எடுத்துட்டுப் போடுங்க."

அவர் பூட்ஸைக் கவிழ்த்தார். கல் விழுந்தது. அதை வெளியே எறியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "விசிலடிச்சேன். பதில் வரல. நீ கோபமா இருக்கேன்னு நினைச்சுட்டேன்" என்றார்.

"கோபமாத்தான் இருந்தேன்" என்றார் மனைவி. "இப்பவும் கோபம்தான். அதுக்காக விசிலுக்குப் பதில் சொல்லாம இருப்பேனா?"

லிஃப்ட்டண்ணன் கல்லைப் பையில் போட்டுக்கொண்டார். எழுந்து நின்றார். வண்டி ஆடியதில் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கோடியில் இருந்த டிராயிங் மாஸ்டரிடமிருந்து தொடங்கினார். தரையைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு முகமாக, நின்று, பார்த்து, எண்ணிக்கொண்டு வந்தார். ஏழு வந்தது. தன்னைச் சேர்த்து எட்டு. கடைசியாக மனைவியின் முகத்துக்கு வந்து நின்றார். நெற்றியில் ஒரு கீறல், காதோரம் ஒட்டிய சருகு.

"என்ன பாக்குறீங்க? சொல்லுங்க" என்றார் மனைவி.

"ஒன்பது" என்றார்.

"சரியாப் பாத்தீங்களா?"

அவர் இன்னொரு முறை பார்த்தார்.